பொருத்தம் உள்ளது

ஏழாம் எண் அறைக்குள் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. சாவியக்கா வாசற்படியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, திருகு கையோட வந்துடுச்சு," என்று உள்ளிருந்து டீச்சரம்மாவின் குரல் வந்தது. "தண்ணி கட்டில் காலைத் தொட்டாச்சு. உள்ள வந்து பாரேன்."

"வரக் கூடாது டீச்சரம்மா. சமையல் அண்ணன் வரணும்."

"குழாய்க்கு எதுக்கும்மா சமையல்காரர்?"

"குழாய்க்கு இல்ல. எனக்கு."

மாடிப்படி தடதடத்தது. சமையல்காரர் கரண்டியும் கையுமாக வந்து சேர்ந்தார். "வந்துட்டேன். போங்கக்கா," என்று சொல்லிவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

சாவியக்கா உள்ளே போனாள். தொட்டிக்கு அடியில் குனிந்து பெரிய திருகை அரைச் சுற்று சுற்றினாள். தண்ணீர் நின்றது. மொத்தம் இருபது விநாடி வேலை. அதற்குள் கீழே அடுப்பிலிருந்த பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, அந்த வாசனை மாடிக்கே வந்துவிட்டது. "பால் போச்சு," என்று சமையல்காரர் வந்த வேகத்தில் இறங்கி ஓடினார். அவர் போய்விட்டதால் சாவியக்காவும் வெளியே வரவேண்டியதாயிற்று. தரையைத் துடைக்க எடுத்த துணி கையிலேயே இருந்தது.

"தொடைக்கலையா?" என்றாள் டீச்சரம்மா.

"அடுத்த தடவ அவரு மேல வரும்போது."

"அவரு சாயங்காலந்தான் வருவாரு."

"அதுக்குள்ள காஞ்சுடும்," என்று சொல்லிவிட்டு, சாவியக்கா துணியை நாலாக மடித்து வாசலில் வைத்தாள்.

வீடிழந்து, போக்கிடம் இல்லாமல் வருகிறவர்களுக்கு ஓர் அறையும், மறுபடி சொந்தக் காலில் நிற்கும்வரை ஒத்தாசையும் தருகிற விடுதி அது. பதினான்கு அறைகள். யார் வேளைக்கு மாத்திரை போட்டார்கள், யாருடைய மனு எந்த அலுவலகத்தில் தூங்குகிறது, வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவருக்குத் துணை யார் என்பதெல்லாம் சாவியக்காவின் பொறுப்பு. பதினான்கு சாவிகளும் அவள் இடுப்பில் தொங்கும். அவள் வருவது மூன்று அறை தள்ளியே தெரிந்துவிடும். பதினோரு வருடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் மிஞ்சவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை வந்தது. இந்த மாதிரி விடுதிகளில் வேலை செய்கிற எல்லாரும் காவல்துறையிடம் தங்கள் பின்னணியைச் சரிபார்த்து நன்னடத்தைச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காதவர்கள், வாங்கிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் குடியிருப்பவர்களின் அறைக்குள் கால் வைக்கக் கூடாது. நல்ல விதிதான் என்று சாவியக்காவும் நினைத்தாள். நாதியற்றுப் போய் வந்து நிற்கிறவர்கள் மத்தியில் யார் எவர் என்று பார்க்காமல் ஆளை விடலாமா? முதல் ஆளாக விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான்.

ஆனால் முதலில் சான்றிதழ் வந்தது சமையல்காரருக்கு. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாதவர். மேலாளரின் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. புகைப்படத்தில் சிரித்திருக்கிறார் என்று காரணம் எழுதியிருந்தது. ஆறு வருடமாக அவர் முகத்தைப் பார்த்து வருகிறவர்கள், அந்தப் படத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட ஆசைப்பட்டார்கள்.

சாவியக்காவுக்கு வந்தது மூன்று வரி. 'பதிவேட்டில் பொருத்தம் உள்ளது. வகை: தேடப்படுபவர். நேரில் வந்து விளக்கம் பெறவும்.'

"பொருத்தம் இருக்குன்னா நல்ல சேதிதானே?" என்றார் சமையல்காரர். "எங்க பொண்ணுக்கு நாலு எடம் பாத்தும் ஒண்ணும் அமைய மாட்டேங்குது."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். சாதாரணமாகப் பேசும்போதும் அவர் பேச்சில் ஒரு கோப்பு வாசனை அடிக்கும். "இது வேறு பொருத்தம். தேடப்படுபவர் என்றால், காவல்துறை தேடிக்கொண்டிருக்கும் நபர் என்று பொருள்."

"எங்க சார் தேடறாங்க? பதினோரு வருஷமா காலைல எட்டு மணிக்கு இங்கதானே வரேன்?"

"அது தேடறவங்களுக்குத் தெரியணுமேக்கா," என்றார் சமையல்காரர்.

அன்று வீட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம் சாவியக்கா தன் பாவக் கணக்கைப் புரட்டினாள். பள்ளிக்கூட நூலகத்துப் புத்தகம் ஒன்றைத் திருப்பித் தரவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகப் பஸ்ஸில் சீட்டு எடுக்காமல் இறங்கியிருக்கிறாள், இரண்டு தடவை. முன்பிருந்த வீட்டில், பக்கத்து வீட்டுக்காரி வேண்டுமென்றே இவள் ஜன்னலுக்கு நேராகக் கட்டிய துணிக்கொடியை வேண்டுமென்றே அறுத்துவிட்டிருக்கிறாள். இதில் எதற்குப் போலீஸ் தேடும்? கொடிக்குத்தான் இருக்கும் என்று தோன்றியது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் முகம் அப்படி.

வீட்டு வாசலில் அவள் கணவர் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர் தொழில். அதிர்ந்து பேசத் தெரியாதவர். யார் வீட்டுப் பீரோவாக இருந்தாலும், "கொஞ்சம் மெதுவாப் பிடிங்க, அதுக்கு வயசாச்சு," என்று சொல்லுகிற ரகம்.

அவள் விஷயத்தைச் சொன்னதும் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"தேடப்படுபவர்னா போட்டிருக்கு?"

"ஆமாங்க."

"எந்த ஸ்டேஷன்னு போட்டிருக்கா?"

"அதெல்லாம் போடல. நேர்ல வரச் சொல்லியிருக்காங்க."

"நேர்லயெல்லாம் போகாத," என்றார் சட்டென்று. அவர் அவ்வளவு சட்டென்று எதுவும் சொல்லி அவள் பார்த்ததில்லை. "போனா உக்கார வெச்சுடுவாங்க. இந்த மேஜைக்குப் போ, அந்த மேஜைக்குப் போன்னு அலைய விடுவாங்க. உனக்கு முட்டி வலி வேற. ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துடலாம். நானே எழுதறேன்."

அட்டைப் பெட்டிகளின் மேல் 'கண்ணாடிப் பொருள், கவனம்' என்பதைத் தவிர அவர் எதையும் எழுதி அவள் பார்த்ததில்லை. மனுஷன் அன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து, ஏழு தாளைக் கிழித்துப் போட்டு, எட்டாவது தாளை நீட்டினார்.

அவள் வாசித்தாள். 'ஐயா, நடந்தது நடந்துவிட்டது. அது பழைய கதை. அதை இப்போது தோண்ட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தப்பட்ட நபர் பத்திரமாக இருக்கிறார். இனி யாரும் தேட வேண்டியதில்லை.'

"சம்பந்தப்பட்ட நபர்னா யாருங்க?"

"அது ஒரு நடைம்மா. ஆபீஸ் கடுதாசின்னா அப்படித்தான் எழுதணும்."

அலுவலகக் கடிதங்கள் எல்லாமே அவளுக்கு அப்படித்தான் புரியாமல் இருந்து வந்தன. அதனால் நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் மேலாளர் அதை ஒரு தடவை வாசித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து இன்னொரு தடவை வாசித்தார்.

"சம்பந்தப்பட்ட நபர் பத்திரமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமா சார்."

"அவரை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

"யாரை சார்?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன்."

சாவியக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அது ஒரு நடை என்றாள். வீட்டுக்காரர் எழுதியது என்றாள். "அப்படியென்றால் இதில் அவருக்கும் பங்கு இருக்கிறதா?" என்று மேலாளர் குறித்துக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல. விதிப்படி நடக்காவிட்டால் ராத்தூக்கம் வராத மனிதர், அவ்வளவுதான். விதிப்படி அந்தக் கடிதத்தை அவர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பினார். அங்கிருந்து பதில் வரும்வரை, சாவியக்கா எங்கே போனாலும் சான்றிதழ் உள்ள ஒருவரோடு மேலாளரும் கூடவே போய்க் கண்காணிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. மேலாளருக்கும் சான்றிதழ் இல்லை. எனவே அவரும் சமையல்காரர் துணையில்லாமல் ஒரு அறைக்குள்ளும் போக முடியாது.

அன்று முதல் விடுதியின் நடைபாதையில் ஓர் ஊர்வலம் நடந்தது. முன்னால் கரண்டியோடு சமையல்காரர், நடுவில் சாவிக்கொத்தோடு அக்கா, பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு மேலாளர். ஒன்பதாம் எண்ணில் ஜன்னல் திறக்க வரவில்லை என்றால் மூன்று பேர் போனார்கள். மூன்றாம் எண்ணில் மாத்திரை எடுத்துக் கொடுக்கவும் மூன்று பேர். மேலாளர் அதுவரை மாடிப்பக்கம் வந்ததே இல்லை. பதினோராம் எண்ணில் இருப்பவருக்குக் காது கேட்காது என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. ஆறு வருடமாக அவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத் தயாரானது. அடுத்த நாள் மூன்றரைக்கு. மூன்றாம் நாள் தயாராகவே இல்லை.

"சட்டப்படி எனக்கு ஒரு சந்தேகம் சார்," என்றார் சமையல்காரர். "நான் அடுப்புகிட்ட இருக்கணுமா, அக்காகிட்ட இருக்கணுமா?"

மேலாளர் சுற்றறிக்கையை இரண்டு தடவை புரட்டினார். அடுப்பைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

இதற்குள் விஷயம் அறை அறையாகப் பரவிவிட்டது. ஐந்தாம் எண்ணில் இருந்த கப்பல்காரர், முப்பது வருடம் கப்பல் இயந்திர அறையில் வேலை பார்த்தவர், சாவியக்கா தேநீர் கொண்டுபோனபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். சமையல்காரரும் மேலாளரும் இரண்டடி தள்ளி நின்றார்கள் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

"ஆளைக் கடத்திட்டியாமே, சாவி? கேள்விப்பட்டேன்."

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க."

"எங்கிட்ட மறைக்காத. நான் என்ன வெளியாளா? உனக்கு மறைக்க எடம் வேணும்னா சொல்லு. என் கட்டிலுக்கு அடியில தாராளமா எடம் இருக்கு."

மேலாளர் எழுதிக்கொண்டார்.

டீச்சரம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். வீடு கைவிட்டுப் போய் இரண்டு வருடமாக இந்த ஏழாம் எண்ணில் இருப்பவள். அவளுக்குச் சொந்தமாக ஒரு சின்ன வீடு ஒதுக்கிக் கடிதம் வந்திருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை சாவி கொடுக்கிறார்கள். அந்தக் கடிதத்துக்காகச் சாவியக்கா ஏறி இறங்கிய படிகளை எண்ணினால் டீச்சரம்மாவுக்கே கணக்குத் தப்பும். புது வீட்டுக்கு முதல் தடவை உள்ளே போகும்போது சாவியக்கா பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போகவே போவதில்லை என்று அவள் ஒரு மாதமாகச் சொல்லி வந்தாள். "ரெண்டு வருஷமாக் கதவைத் திறந்தா யாராவது இருக்காங்க. அங்க போனா யாரும் இருக்க மாட்டாங்க. முதல் நாள் மட்டும் நீ வந்து நில்லும்மா. அப்புறம் நான் பழகிக்குவேன்." டீச்சரம்மா வேறு யாரிடமும் அப்படிக் கேட்கிறவள் அல்ல.

அவள் ஒரு வேலை செய்தாள். சாவியக்காவின் நன்னடத்தைக்குச் சாட்சி சொல்லி ஒரு மனு எழுதினாள். பதினான்கு அறையிலும் கையெழுத்து வாங்கினாள். கப்பல்காரர் தன் பங்குக்குச் சில வரிகள் சேர்க்கச் சொன்னார். அந்த மனுவை அவளே நேராகத் தபாலில் போட்டுவிட்டுத்தான் நகலை மேலாளரிடம் கொடுத்தாள்.

மேலாளர் அதைச் சாவியக்காவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

"'இவரைப் போல் ஒருவரை நாங்கள் பார்த்ததில்லை. எந்த நேரத்திலும் எங்கள் அறைகளுக்குள் வந்து போவார். யார் யார் எதை எங்கே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம் என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். யாருக்கு எத்தனை தூக்க மாத்திரை கொடுக்க வேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.'"

"நல்லாத்தானே எழுதியிருக்காங்க சார்?"

"இன்னும் இருக்கிறது. 'ஒரு முறை ஐந்தாம் எண் அறையின் பூட்டு இறுகிக்கொண்டபோது, தலையிலிருந்த ஊசியை எடுத்து ஒரே நிமிடத்தில் திறந்துவிட்டார். இவரால் திறக்க முடியாத பூட்டு இந்தக் கட்டடத்தில் இல்லை என்பதை நாங்கள் பதினான்கு பேரும் உறுதி கூறுகிறோம்.'"

மேலாளர் மனுவை மடித்துக் கோப்புக்குள் வைத்தார்.

"அந்த ஊசி இப்போது எங்கே?" என்றார் மேலாளர்.

சாவியக்கா தலையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

புதன்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. வியாழக்கிழமை மாலைக்குள் காவல்துறைப் பதிவேட்டுப் பிரிவுக்கு நேரில் போய்ச் சான்றிதழோடு வராவிட்டால், வெள்ளிக்கிழமை காலை முதல் அவள் விடுதிக்குள் வரக் கூடாது. சாவிகளை மேலாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மேலாளர் அதை வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது, விதிப்புத்தகத்தில் இல்லாத ஏதோ ஒன்று அவர் முகத்தில் தெரிந்தது. "போய்விட்டு வாருங்கள், அம்மா," என்றார். "எனக்கும் இந்த மாடிப்படி பழகிவிட்டது. ஆனால் பதினோராம் எண்காரர் நான் கையை ஆட்டிப் பேசினால் உங்களைத்தான் கேட்கிறார்."

சாவியக்கா சரி என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். சாவிக்கொத்தை இடுப்பிலேயே கையால் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் நடந்தாள்.

வியாழக்கிழமை காலை அவள் கணவரிடம் கடிதத்தைக் காட்டினாள். "இன்னைக்குப் போயே ஆகணும். வேனை எடுங்க."

"இன்னைக்கு லீவா இருக்குமே."

"வியாழக்கிழமை எந்த ஊர்லங்க லீவு?"

வேனை எடுத்தார். பெட்ரோல் போட வேண்டும் என்று ஒரு பக்கம் போனார். டயரில் காற்றுக் குறைகிற மாதிரி இருக்கிறது என்று இன்னொரு பக்கம் போனார். நாலு டயரிலும் காற்றுப் பார்த்துவிட்டு, மாற்று டயரிலும் பார்க்கச் சொன்னார். இருபது வருடமாக இந்த நகரத்தில் வீடு வீடாக வண்டி ஓட்டுகிற மனுஷனுக்கு, காவல்துறை அலுவலகத்துக்கு மட்டும் வழி தெரியாமல் போய்விட்டது. ஒரே மைதானத்தை மூன்றாவது தடவை சுற்றியபோது சாவியக்கா திரும்பி அவரைப் பார்த்தாள்.

"நிறுத்துங்க."

நிறுத்தினார்.

"ஏங்க, இந்த வண்டி யார் பேர்ல இருக்கு?"

"உன் பேர்லதான்."

"வண்டிய வெச்சு ஏதாவது பண்ணிட்டீங்களா? எம் பேர்ல கேஸ் ஆகியிருக்கா? உண்மையச் சொல்லுங்க."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா," என்று ஆரம்பித்தார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "ஒரு நாள் சிக்னல்ல நிக்காமப் போயிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"ரெண்டு நாள்."

அவளுக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் நிம்மதி. கொடியும் இல்லை, புத்தகமும் இல்லை. "இத முதல் நாளே சொல்றதுக்கென்ன? நான் வேலையே போற நெலமைல நிக்கிறேன். நீங்க கடுதாசி எழுதறீங்க, மைதானத்தச் சுத்தறீங்க. எனக்காக ஒரு எடத்துக்கு வந்து நிக்கணும்னா மட்டும் உங்களுக்குக் கால் வராது. அன்னைக்கும் அப்படித்தான்."

"என்னைக்கு?"

"என்னைக்குன்னா கேக்கறீங்க? என் தையல் மெஷினை யார் வீட்டுச் சாமானோடயோ ஏத்திக் கொண்டு போய் எறக்கிட்டு வந்தீங்களே, அன்னைக்கு. காலைல பத்து மணிக்குக் கதவைச் சாத்திட்டுக் கெளம்பிப் போனேன். நாலு நாள் கூட்டாளி வீட்ல இருந்தேன். வருவீங்க, வருவீங்கன்னு ஜன்னலையே பாத்துட்டிருந்தேன். வந்தீங்களா? நானா திரும்பி வந்தா, பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருக்கீங்க. 'வந்துட்டியா'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"நீ வந்துடுவேன்னு தெரியும்," என்றார் அவர், எப்போதும் சொல்வது போலவே. பதினெட்டு வருடமாக எந்தச் சண்டையும் கடைசியில் வந்து முடிகிற இடம் அதுதான்.

"தெரியும்ல? இப்ப வழியும் தெரியும். ஓட்டுங்க."

இந்தத் தடவை வழி தெரிந்துவிட்டது.

பதிவேட்டுப் பிரிவு ஒரு நீளமான அறை. கூரைவரை அடுக்கிய பழைய கட்டுகள், அவற்றுக்கு நடுவே இரண்டு கம்ப்யூட்டர். பழைய பதிவேடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி இரண்டு மாதந்தான் ஆகிறது என்று வரிசையில் முன்னால் நின்றவர் சொன்னார். அவருடைய செத்துப்போன மாமனார் பெயரில் புதிதாக ஒரு வழக்கு வந்து நிற்கிறதாம். சாவியக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் உட்காராமல், வாசலுக்கும் பெஞ்சுக்கும் நடுவில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர் போல் நின்றுகொண்டிருந்தார். இரண்டு தடவை, "வண்டியப் பாத்துட்டு வந்துடறேன்," என்றார். இரண்டு தடவையும் அவள் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

காத்திருந்த நேரத்தில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஆயிரம் இருந்தாலும் இந்த மனுஷன் போலீஸைத் தூரத்தில் பார்த்தாலே ஓரங்கட்டி நின்றுவிடுகிறவர். இவரை ஒரு நாள் உள்ளே உட்கார வைத்தால் தாங்குவாரா? முட்டி வலியோடு தன்னால் உட்கார முடியும். வேலை போனாலும் போகட்டும். டீச்சரம்மாவுக்குத்தான் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. அவளுக்கு வேறு யாரையாவது நிற்கச் சொல்லிப் பார்க்கலாம். சமையல்காரரைச் சொல்லலாம், அவர்தான் எங்கேயும் நிற்கலாமே.

மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் காவலர் இருந்தார். நடுத்தர வயது, மூக்கு நுனியில் கண்ணாடி. கடிதத்தை வாங்கிப் பார்த்தார், கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினார், எழுந்து போய் மேலடுக்கிலிருந்து ஒரு தடித்த பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார். பக்கத்தைப் புரட்டிப் படித்தார். நிமிர்ந்து சாவியக்காவைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"நீங்கதானா அவங்க?" என்றார். "நல்லா இருக்கீங்களா?"

கைதுக்கு முன்னால் இப்படித்தான் மரியாதையாகக் கேட்பார்கள் போலிருக்கிறது என்று சாவியக்கா நினைத்தாள்.

"மேடம், நானே எல்லாத்தையும் சொல்லிடறேன்," என்றாள். "வண்டி எம் பேர்ல இருக்கு. ஓட்டினது இவருதான். ரெண்டு நாள் சிக்னல்ல நிக்காமப் போயிருக்காரு. ஆனா தப்பு என்னுதுன்னே எழுதிக்குங்க. இவரு பயந்த சுபாவம். உள்ள உக்கார வெச்சீங்கன்னா தாங்க மாட்டாரு."

"சிக்னலா?" என்று காவலர் இன்னொரு நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். "எந்த சிக்னல்?"

"அது சும்மா சொன்னது மேடம்," என்றார் பின்னாலிருந்து அவள் கணவர். இந்த விவகாரம் தொடங்கியதிலிருந்து அவர் உரக்கப் பேசியது அது ஒன்றுதான்.

காவலர் அவரை ஒரு பார்வை பார்த்தார். நோட்டை மூடிவிட்டுப் பதிவேட்டைச் சாவியக்காவின் பக்கம் தள்ளினார். "இந்தக் கோட்டுக்குக் கீழ ஒரு கையெழுத்து போடுங்க. இது முடிஞ்சா சான்றிதழ் அரை மணி நேரத்துல கைக்கு வந்துடும். நாளைக்கு நீங்க வேலைக்குப் போலாம்."

சாவியக்காவுக்குப் புரியவில்லை. "எதுக்கு மேடம் கையெழுத்து?"

"ஆள் கெடைச்சாச்சுன்னு."

"எந்த ஆளு?" கடைசியில் இங்கேயும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. "நான் யாரையும் கடத்தல மேடம். அது ஒரு நடைன்னு எழுதினது."

"போட்டுடும்மா," என்றார் கணவர். "படிச்செல்லாம் பாக்க வேண்டாம். மேடம் சொல்றாங்கல்ல, போட்டுடு. போலாம்."

"மாட்டேன். போன தடவ நீங்க சொன்னீங்கன்னு போட்ட கையெழுத்துக்குத்தான் இந்தப் பாடு. இதுல என்ன குத்தம் எழுதியிருக்குன்னு தெரியாம நான் பேனாவத் தொட மாட்டேன்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பி, அங்கே ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். காவலர் அந்த முதுகைப் பார்த்தார், சாவியக்காவைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பதிவேட்டின்மேல் வைத்தார்.

"இது குத்தப் பதிவேடு இல்லம்மா, காணாமப் போனவங்க பதிவேடு," என்றார். "காலைல பத்து மணிக்கு வீட்ட விட்டுப் போன பொண்டாட்டியக் காணோம்னு பத்தே முக்காலுக்கெல்லாம் ஓடி வந்து, அழுகைல எழுத முடியாம, எங்க ஏட்டு கையால எழுதி வாங்கின புகாரு இது, குடுத்தவரு உங்க பின்னாடிதான் நிக்கிறாரு."